பெரிய மாடல் விமானத்தில் இக்னிஷன் சுவிட்ச் எங்கே?

ரிமோட்டில் பறக்கும் பெரிய பெட்ரோல் மாடல் விமானம் கட்டி முடித்த நண்பர்கள் படம் போட்டால், பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் நான் தேடுவது இக்னிஷன் சுவிட்சைத்தான். சில படங்களில் அது எஞ்சின் மூடியை ஒட்டி, ப்ராப்பிலிருந்து (மூக்கில் சுற்றும் விசிறி) ஒரு சாண் தள்ளி இருக்கும். சிலவற்றில் கண்ணுக்கே தெரியாது. கேட்டால், "ரேடியோவிலேயே கில் வச்சிருக்கேன் சார், ஆப்டிகல் கில்" என்பார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

ஆப்டிகல் கில் நல்ல பொருள், சந்தேகமில்லை. இந்த எஞ்சின்களில் ப்ராப் ஹப்பில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அது சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் இக்னிஷன் மாட்யூல் பிளக்கில் பொறி விடும். மாட்யூலுக்குத் தனி பேட்டரி. அந்தக் கரண்டை ரேடியோ (கையில் இருக்கும் ரிமோட்) மூலம் துண்டிப்பதுதான் ஆப்டிகல் கில்லின் வேலை. இடையில் கம்பியில்லாமல் ஒளி வழியாகச் சிக்னல் போவதால் இக்னிஷனின் மின் இரைச்சல் விமானத்திலுள்ள ரிசீவருக்குள் ஏறாது. எல்லாம் சரி. ஆனால் அது வேலை செய்ய ரேடியோ, ரிசீவர், செட்டிங் மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். தரையில் வம்பு வருவதே பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று சொதப்பும்போதுதானே?

என் கண் முன்னால் நடந்த ஒன்று. 55 சிசி எஞ்சின், 22 அங்குல ப்ராப். நண்பர் காலையில் வேறொரு மாடலைப் பறக்கவிட்டிருந்தார், ரேடியோ அந்த மாடலுக்கான மெமரியிலேயே (சேமித்த செட்டிங்) நின்றுவிட்டது. அதில் த்ராட்டில் (எஞ்சின் வேகக் கட்டுப்பாடு) திசை தலைகீழ். ஸ்டிக் அடியில் இருக்கிறது, கார்புரேட்டர் முழுக்கத் திறந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. ப்ராப்பை ஒரு தட்டுத் தட்டியதும் எஞ்சின் நேரே ஃபுல் த்ராட்டிலில் எழுந்தது. வாலைப் பிடித்திருந்தவரின் செருப்பு சரளைக்கல்லில் சறுக்குகிறது, அவர் முடிந்தவரை பின்னால் சாய்கிறார். நண்பர் த்ராட்டில் கட் அடித்தார், பலனில்லை. கில்லுக்கு ஒதுக்கிய சேனல் அந்த மெமரியில் வேறு எதற்கோ போயிருந்தது. கடைசியில் ரேடியோவையே அணைத்தார். ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு) செட் செய்யாததால் ரிசீவர் கடைசி நிலையை அப்படியே பிடித்துக்கொண்டது, எஞ்சின் அதே அலறல். நல்லவேளை, இக்னிஷன் சுவிட்ச் இறக்கைக்குப் பின்னால் உடம்பின் பக்கவாட்டில் இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பின்பக்கமாக வந்து தட்டிவிட்டார். அதே சுவிட்ச் எஞ்சின் மூடி ஓரத்தில் இருந்திருந்தால் யார் போய்க் கை நீட்டுவது?

அந்த அளவு ப்ராப் 6500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6500 சுற்று) சுற்றினால் நுனி வேகம் மணிக்கு ஏறக்குறைய 685 கிலோமீட்டர். "ஐடில்லதானே, மெதுவாத்தானே ஓடுது" என்று கார்புரேட்டர் ஊசியைத் திருப்பக் கையைக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: இரண்டு பிளேடு ப்ராப் என்றால் 1500 ஆர்பிஎம்மிலேயே ஓர் இடத்தை வினாடிக்கு 50 முறை பிளேடு கடக்கிறது. விரலை இடையில் விட்டு எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பெரிய மாடல்களுக்கென்றே அமெரிக்காவில் தொடங்கிய ஐ.எம்.ஏ.ஏ. அமைப்பின் பாதுகாப்பு விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. இக்னிஷனை நிறுத்தும் சுவிட்ச் விமானத்திலேயே இருக்க வேண்டும், பைலட்டுக்கும் உதவியாளருக்கும் எட்ட வேண்டும், ரேடியோவின் தயவில்லாமல் கையால் இயங்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து நிறுத்தும் வழி இதற்கு மேல் இன்னொன்று. இரண்டும் வேண்டும். நம் ஆட்களில் பலர் இரண்டாவதற்குக் காசு செலவழித்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய மேக்னட்டோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸெனோவா ஜி62 மாதிரி எஞ்சின்களில் பேட்டரி கிடையாது, எஞ்சின் சுற்றும்போது காந்தமே பொறிக்கான கரண்டை உண்டாக்கும். சுவிட்ச் போட்டால் காயில் எர்த் ஆகி, பொறி வராமல் எஞ்சின் நிற்கும். பேட்டரி இக்னிஷனில் வயர் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும், மேக்னட்டோவில் சுவிட்சுக்குப் போகும் கில் வயர் அறுந்தால் அந்தச் சுவிட்சால் எஞ்சினை நிறுத்தவே முடியாது. (செஸ்னா மாதிரி நிஜ விமானங்களிலும் இதே கதைதான். அதனால்தான் சாவி ஆஃபில் இருந்தாலும் ப்ராப்பைத் தொடாதே என்று அங்கேயும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.) ஆகவே மேக்னட்டோகாரர்கள் ஒவ்வொரு முறையும் எஞ்சினை அந்தச் சுவிட்சாலேயே நிறுத்திப் பழகுங்கள். வயர் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

"கூடுதல் சுவிட்ச் என்றால் கூடுதல் தொல்லை, ஆகாயத்தில் ஆஃப் ஆகிவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதிர்வில் தளராத நல்ல சுவிட்சாக வாங்கிப் போடுங்கள். அப்படியும் நின்றுபோனால் எஞ்சின் இல்லாத மாடலைக் கிளைடராக்கி இறக்கலாம், இறங்கும் இடம் மோசமானால் மாடல் போகும். கட்டுப்பாடில்லாமல் ஓடும் எஞ்சின் ஆளையே பதம் பார்க்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

ஃபெயில்சேஃப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்னல் போனால் எஞ்சின் குறைந்தபட்சம் ஐடிலுக்காவது வர வேண்டும் என்கிறது பிரிட்டனின் மாடல் விமானச் சங்கமான பி.எம்.எஃப்.ஏ. பெரிய பெட்ரோல் மாடலுக்கு அது போதாது, இக்னிஷனே அணைய வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நொடித் தடங்கலுக்காக எஞ்சினை இழப்பதா என்று அனுபவசாலிகளே என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள், நிற்கட்டும். எதை வைத்தாலும் சோதித்துப் பாருங்கள்: மாடலைக் கட்டிப்போட்டு, ப்ராப்புக்கு எதிரே யாரும் இல்லாமல், ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மெனுவில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஸ்கேல் மாடல்காரர்கள். "வெளியே சுவிட்ச் வைத்தால் அழகு போய்விடும்" என்கிறார்கள். இறக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி போட்டு உள்ளே வையுங்கள், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மூடி விரலால் தள்ளினால் திறக்க வேண்டும். ஸ்க்ரூ போட்ட மூடியாக இருந்தால், வாலைப் பிடித்து உட்கார நான் வரமாட்டேன்.