சவமுராவின் வலது தோள்

விளையாட்டு வீரர் ஒருவர் போருக்குப் போனார் என்று படித்தாலே நம் ஆட்கள் கமெண்டில் சல்யூட் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்போதெல்லாம் ஜப்பானிய பேஸ்பால் வீரர் எய்ஜி சவமுராவின் வலது தோள்தான் ஞாபகம் வரும்.

1934 நவம்பர் 20, ஜப்பானின் ஷிசுவோக்கா நகரம், குசனாகி மைதானம். அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர அணி ஊர் ஊராகப் போய் ஜப்பானியர்களைத் துவைத்துக்கொண்டிருந்த நேரம். அன்று பந்தெறிய வந்த சவமுராவுக்கு வயது 17. கெரிஞ்சர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் நாலு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். கிரிக்கெட் கணக்கில் சொன்னால், உலகின் நாலு பெரிய பேட்ஸ்மேன்களை ஒரு பிளஸ் டூ பையன் அடுத்தடுத்து போல்டாக்கிய மாதிரி. ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), ஆட்டம் 1-0 என்று கை நழுவியது. ஆனாலும் ஊரே பையனைக் கொண்டாடியது.

அமெரிக்கர்களை எதிர்த்து ஆடிய அந்த ஜப்பானிய அணிக்காகத்தான் அவன் பள்ளியைப் பாதியில் விட்டிருந்தான். அதுதான் பிறகு டோக்கியோ ஜயண்ட்ஸ் ஆனது. அன்றைய ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்கள் ராணுவ சேவையைத் தள்ளிப்போடலாம். படிப்பை விட்டவனுக்கு ஏது அந்தச் சலுகை? 1937 வசந்தகால லீக்கில் 24 வெற்றி (பேஸ்பாலில் வெற்றியைப் பந்தெறிபவர் கணக்கிலும் எழுதுவார்கள்) எடுத்த கையோடு, 1938 ஆரம்பத்தில் படையில் சேர வேண்டியதாயிற்று.

சீனப் போர்முனையில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கையெறி குண்டு வீசுவது. நல்ல கை, வீசட்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும்தான். பேஸ்பால் பந்து சுமார் 145 கிராம். ஜப்பானியப் படையின் குண்டு 450 கிராம் போல வரும். பந்துக்கென்றே பழகிய தோள் அதில் போய்விட்டது. அந்தக் குண்டுகள் விழுந்ததும் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகள் மேல்தான். அதையும் சேர்த்துச் சொல்லாமல் இவரைத் தியாகி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

1940-ல் திரும்பி வந்தார். மேலிருந்து எறிய முடியாமல் கையைப் பக்கவாட்டில் வீசி எறிந்தார். அப்படியும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார் பாருங்கள், அவருடைய மூன்றாவது நோ-ஹிட்டர் அது! அப்புறம் மறுபடி அழைப்பு. மறுபடி போர்முனை. 1943-ல் வந்தபோது ஒரு வெற்றிகூட எடுக்க முடியவில்லை. 1944 தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அதே வருடம் மூன்றாவது அழைப்பு. டிசம்பர் 2 அன்று யாகுஷிமா தீவுக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கி அவர் போன கப்பலை மூழ்கடித்தது. வயது 27.

1947-ல் சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்தெறிபவருக்கு, சவமுரா விருது வந்தது. 14 என்ற அவருடைய சட்டை எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்ததும் அதே ஜயண்ட்ஸ்தான். நல்ல விஷயம், சரி. மூன்று வருடம் முன்னால் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கலாம்.

குசனாகி மைதானத்தில் இன்று அவருக்கும் பேப் ரூத்துக்கும் சிலை இருக்கிறது. பந்தெறியும் கோலம். ஆனால் அவர் கடைசியாக ஆடுகளத்தில் இறங்கியது 1943 அக்டோபரில், அதுவும் பந்தெறிய அல்ல. இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க அனுப்பினார்கள். பந்து கோட்டுக்கு வெளியே மேலே எழும்பியது, பிடித்துவிட்டார்கள்.