மறுநாள் ஏறும் எண்ணிக்கையை நம்பாதீர்கள்

ஜி-சிஎஸ்எஃப் என்பது எலும்பு மஜ்ஜையில் வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் புரதம். 'ஜி-சிஎஸ்எஃப் வெள்ளணுக்களைப் பெருக்கும்' என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்தப் பெருக்கம் முக்கியமாக நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் ஒரு வெள்ளணு வகை) வரிசைக்குத்தான். லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வெள்ளணு வகைக்கு ஐஎல்-7 போன்ற தூண்டும் புரதங்கள் தனி. ஜி-சிஎஸ்எஃப் ஒட்டியதும் செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. செல்லுக்குள் ஜாக்2 என்ற நொதி தூண்டப்பட்டு, ஸ்டாட்3 என்ற புரதத்துக்கு பாஸ்பேட் ஏற்றி அதை இயக்குகிறது. அதே ஸ்டாட்3 தான் இந்தத் தூண்டலை அடக்கும் சாக்ஸ்3 என்ற பிரேக்கையும் உண்டாக்குகிறது, நல்லவேளை.

நடைமுறையில் தவறுவது நேரம். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) முடிந்து 24 மணி நேரத்துக்குள் ஃபில்கிராஸ்டிம் (ஜி-சிஎஸ்எஃப் ஊசி மருந்து; வழக்கமாக கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், தினமும்) போட்டால், பெருகத் தொடங்கும் இளம் செல்களையே கீமோ மருந்து கொன்றுவிடும். ஊசி போட்ட முதல் ஓரிரு நாளில் ஏறும் நியூட்ரோஃபில் எண்ணிக்கை பெரும்பாலும் மஜ்ஜையில் ஏற்கெனவே இருந்த இருப்பு வெளியே வந்ததுதான். அதைப் பார்த்து ஊசியை நிறுத்தினால் மறுபடி சரியும். கீமோவால் எண்ணிக்கை மிகவும் குறையும் அடிமட்டத்தைத் தாண்டும்வரை தொடர வேண்டும்.