சோழனுக்கு ஏழு மார்க்காம்!

சிவிலைசேஷன் 7 கேமுக்கு நான் பத்துக்கு ஏழு மார்க் போட்டேன். சோழர் வருகிற கேமுக்கு ஏழுதானா என்று நேற்று லைவில் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு அந்த மீம் வந்து சேர்ந்திருக்கும். வாயைப் பாதி திறந்தபடி நான், கீழே மஞ்சள் எழுத்தில் "சோழனுக்கு ஏழு மார்க்கா?" ராத்திரி முழுக்க டேக் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். நல்லா இருங்க.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மார்க் போட்டது சோழனுக்கு இல்லை. டர்ன் டர்னாக, அதாவது முறை வைத்து ஆடி, ஒரு நாட்டைக் காலம் காலமாக வளர்க்கிற சிவிலைசேஷன் 7 என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு. பிராக்சிஸ் செய்து, 2கே வெளியிட்டு, 2025 பிப்ரவரி 11 அன்று கடைக்கு வந்த ஒரு பொருளுக்கு. ராஜேந்திர சோழனிடம் போய் "உங்கள் கடாரப் படையெடுப்புக்குப் பத்துக்கு ஏழு" என்று நான் சொல்லவில்லை.

பத்துக்கு ஏழு என்பது நான் கண்டுபிடித்த பாவமும் இல்லை. ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் கொடுத்ததும் ஏழுதான். பிசி கேமர் நூற்றுக்கு 76 கொடுத்தது. யூரோகேமர் ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஒன்பது கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் முதல் நாட்களிலேயே திட்டித் தீர்த்து, அப்புறம் 'மிக்ஸ்டு', அதாவது பாதி நல்லது பாதி கெட்டது என்ற இடத்தில் வந்து நின்றார்கள். வந்து இத்தனை காலமான பிறகும் 2016இல் வந்த முந்தைய பாகமான சிவிலைசேஷன் 6ஐ, சுருக்கமாகச் சிவ் 6ஐத்தான் அதிகம் பேர் ஆடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் சோழ துரோகிகளா? அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு மெனு சரியில்லை என்று புலம்பியவனுக்குச் சோழன் யார் என்றே தெரிந்திருக்காது.

லைவை நடத்திய அண்ணன் என்னைப் பேச விட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். "நம்ம ஆளு உலக கேம்ல வந்திருக்கான், அதைக் கொண்டாடத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சூப்பர் சாட் படிக்கப் போய்விட்டார்.

கொண்டாடத் தெரியாமல் இல்லை. அங்கே பேச முடியாததை இங்கேயே சொல்கிறேன். அந்த கேமில் சோழரைச் செய்தவர்கள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று பழைய வணிகர் குழுக்களின் பெயரில் இரண்டு கட்டடங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் பேட்டை. 'கலம்' என்ற பெயரில் கப்பல். பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்று. தாய்லாந்தில் தகுவாபா கல்வெட்டில் வருகிற மணிக்கிராமம், சுமத்ராவில் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வருகிற ஐந்நூற்றுவர்! நம் ஊரிலேயே எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? புலிக்கொடியும் வாளும் மட்டும் தெரிந்தவர்களுக்கு நடுவில், வணிகர் குழுக்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. இதே பக்கத்தில் பிப்ரவரியில் பதிவு போட்டேன். அதற்கு எத்தனை பேர் லைக் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அதே சோழர் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். இந்த கேமில் காலம் மூன்று துண்டு: பழங்காலம், கடல் தேடும் காலம், நவீன காலம். கேம் வந்தபோது, ஒவ்வொரு துண்டு முடியும்போதும் நீங்கள் வேறு நாகரிகமாக மாற வேண்டியிருந்தது. இந்தியப் பாதை என்று அவர்கள் போட்டிருப்பது மௌரியர், அடுத்து சோழர், அடுத்து முகலாயர். அசோகரின் பாறைக் கல்வெட்டே சோழரையும் பாண்டியரையும் தன் ஆட்சிக்கு வெளியே இருக்கிற அண்டை நாட்டாராகத்தான் சொல்கிறது. அந்த மௌரியரே வளர்ந்து சோழராம். தஞ்சாவூரில் சோழருக்குப் பிறகு பாண்டியர் வந்தார்கள், நாயக்கர் வந்தார்கள், மராட்டியர் வந்தார்கள். கேமில் சோழர் கண்ணை மூடித் திறந்தால் முகலாயர்.

இதில் மதத்தை இழுத்துக்கொண்டு யாரும் வராதீர்கள், பிளாக்தான். சீனாவுக்கு என்ன பாதை தெரியுமா? ஹான், மிங், சிங். அழகாக ஒரே மண்ணில் ஓடுகிறது. நமக்கோ மூன்று வெவ்வேறு ஊர். சோழனை மதித்த லட்சணம் இது. இதைச் சொன்ன நான் துரோகி, இதைக் கவனிக்காமல் கைதட்டியவர்கள் தமிழ்ப் பற்றாளர்கள்.

அப்புறம் தலைவர். தலைவரையும் நாட்டையும் இந்த முறை பிரித்துவிட்டார்கள். யாரும் எந்த நாட்டையும் ஆளலாம். ராஜராஜனோ ராஜேந்திரனோ பட்டியலில் இல்லை. கடாரம் வென்று சரியாக ஆயிரம் ஆண்டு ஆகிற வருஷத்தில் வந்த கேமில் ராஜேந்திரன் இல்லை. என் சோழ நாட்டை ஆண்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மூக்குக் கண்ணாடியோடு நின்று இப்னு பதூதாவிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தேன். போகப் போகச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் நான் மார்க் குறைத்தது இதற்காகக்கூட இல்லை. அதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. மார்க் குறைத்தது கேம் முடிக்கப்படாமல் வந்ததற்கு. பூச்சு வேலை முடியாத வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்து, வந்தவர்களிடம் மொய்யையும் வாங்கிக்கொண்டார்கள். சாதாரணப் பதிப்பு அப்போது 70 டாலர். 100 டாலர் கொடுத்தால் ஐந்து நாள் முன்னதாகவே ஆடலாம் என்றார்கள். நான் அந்த நூறைக் கொடுத்த ஏமாளிகளில் ஒருவன். சம்பளக் காசு.

என்ன கிடைத்தது? ஒரு கட்டடம் ஏன் இவ்வளவு உணவு தருகிறது என்று தெரிந்துகொள்ள மவுஸை மேலே வைத்தால் பாதி விவரம்தான் வரும், மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக. ஊர்ப் பெயரை மாற்ற வழி இல்லை. நான் திருநாகேஸ்வரம் என்று ஒரு ஊருக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஜெயித்து முடித்த பிறகு 'இன்னும் ஒரு டர்ன்' ஆட முடியாது. இந்தத் தொடரின் தாரக மந்திரமே அதுதான் என்று முப்பது வருஷமாக டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றவர்கள், அந்தப் பட்டனையே வைக்காமல் அனுப்பினார்கள். பிரிட்டன் இல்லாமல் ஒரு சிவிலைசேஷன். மார்ச்சில் அது தனிக் காசுக்கு வந்தது. பெயர் மாற்றுவதும் அந்தப் பட்டனும் காத்திருந்த பிறகுதான் இலவச அப்டேட்டுகளில் வந்தன. வந்ததற்கு நன்றி. ஆனால் நான் காசு கொடுத்தது பிப்ரவரியில்.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் சோழர். கிழக்குக் கரையில் துறைமுகம், தளபதியின் கீழ் கலங்கள் வரிசையாக நிற்கின்றன. எதிரே அகஸ்டஸின் தீவு. முற்றுகை போட்டாயிற்று, மதில் சரிந்தாயிற்று, அடுத்த டர்னில் நகரம் கையில். மேலே அந்தக் காலத் துண்டு எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற கடிகாரம் நூறு சதவீதத்தைத் தொட்டது. அவ்வளவுதான். போர் தானாக முடிந்துவிட்டது. படைகள் கலைந்து, நான் வளர்த்த நகரங்கள் பல மறுபடி சிற்றூராகி, அடுத்து யாராகப் போகிறாய் என்று திரை கேட்கிறது. அகஸ்டஸும் நானும் ஒன்றுமே நடக்காத மாதிரி புதிதாக அறிமுகம் ஆகிறோம். கடாரத்துக் கரையில் நிற்கிற ராஜேந்திரனிடம் "நேரம் முடிந்துவிட்டது, பேப்பரைக் கொடு" என்று சொல்வார்களா?

ஏன் இப்படி வைத்தார்கள் என்ற காரணமும் எனக்குத் தெரியும், தெரியாமல் பேசவில்லை. பெரும்பாலானோர் சிவ் ஆட்டத்தைக் கடைசிவரை முடிப்பதே இல்லை. பாதியிலேயே ஜெயிப்பது உறுதியாகி அலுத்துவிடும். ஒவ்வொரு காலத்திலும் கொஞ்சம் சமப்படுத்தினால் கடைசிவரை சுவை இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். 2021இல் ஹியூமன்கைண்ட் என்ற வேறொரு கேம், நாகரிகம் மாறுகிற இந்த முறையையே செய்து பார்த்து, "நான் யார் என்றே தெரியவில்லை" என்று ஆடுபவர்களிடம் இதே திட்டை வாங்கியது. அதைப் பார்த்த பிறகும் செய்தார்கள் என்றால் துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துணிச்சலும் சேர்ந்துதான் ஏழு. படைத்தளபதிகள் முறை அருமை. தொழிலாளிகளை மேய்க்கிற வேலையை ஒழித்தது நிம்மதி. ஆற்றில் கப்பல் ஓட்டலாம். கிறிஸ்டோபர் டின் மறுபடி இசை. இதையெல்லாம் லைவில் சொன்னேன், வெட்டிய கிளிப்பில் எதுவும் இல்லை.

"எல்லா சிவ்வும் முதலில் இப்படித்தான் இருக்கும், ரெண்டு எக்ஸ்பான்ஷன் வரட்டும்" என்று ஒரு கூட்டம். எக்ஸ்பான்ஷன் என்றால் பின்னால் தனிக் காசுக்கு வருகிற கூடுதல் பாகம். ஆமாம், 2010இல் சிவ் 5 வந்தபோது அதில் மதமே இல்லை. 2012இல் வந்தது. 2013இல் இரண்டாவது எக்ஸ்பான்ஷனும் வந்த பிறகுதான் அது முழுமையான சிவ் 5 ஆனது. சரி, அப்படியென்றால் 2028இல் வரப்போகிற கேமுக்கு 2025இல் ஏன் என்னிடம் முழு விலை வாங்கினீர்கள்? பொறுமையாக இரு என்று வாங்கியவனுக்குச் சொல்கிறீர்கள். விற்றவனிடம் யாராவது சொன்னீர்களா? 2கேயின் தாய் நிறுவனமான டேக்-டூவின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, கேம் பிப்ரவரியில் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் காட்டத்தான் அவசரப்பட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சந்தேகமாகவே வைத்துக்கொள்கிறேன்.

"நீ 2கே கிட்ட காசு வாங்கிட்டு ஏழு போட்ட, மூணுக்கு மேல தேறாது" என்று எதிர்ப் பக்கத்திலிருந்தும் கல். இதற்கெல்லாம் பதில் கிடையாது. போங்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "உங்களை மாதிரி ஆளுங்க குறை சொல்லித்தான் 2025 செப்டம்பர்ல பிராக்சிஸ்ல ஆட்குறைப்பு நடந்துச்சு." இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்த மெயில் வந்திருக்கிறது சார். டீ கொட்டிய டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், லேப்டாப் தானாக லாக் ஆகிவிட்டது. அந்த வலி என்னவென்று எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். மெனுவை வடிவமைத்த பையனோ பெண்ணோ வெளியீட்டுத் தேதியைக் குறித்திருக்க மாட்டார்கள். தேதி குறித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. அவர்கள் மேல் வராத கோபம் என் ஏழு மார்க் மேல் வருகிறது என்றால் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இது கேமோடு நிற்கிற விஷயமும் இல்லை. படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. ஆனால் தடை எதற்கு, அதுதான் நாம் இருக்கிறோமே. ஒருவன் "நன்றாக இருக்கிறது, ஆனால்" என்று ஆரம்பித்தால் அந்த 'ஆனால்' முடிவதற்குள் அவன் அப்பன் ஊர், சாதி, எந்தக் கட்சி என்று எல்லாம் தோண்டி எடுத்துவிடுகிறோம். ஒன்று பத்துக்குப் பத்து, இல்லையென்றால் குப்பை. நடுவில் நிற்பவன் விலைபோனவன். பத்துக்கு ஏழு வாங்கிய மகனை வீட்டை விட்டா துரத்துவீர்கள்?

இவ்வளவும் தாங்கிக்கொள்வேன். எனக்கு உறைத்தது வேறு. அந்த மீமுக்கு முதல் ஹாஹா போட்டது எங்கள் அத்தான்.

பழைய நண்பர்களுக்கு அத்தானைத் தெரியும். கும்பகோணத்தில் அத்தை வீட்டு மாடியில் எனக்கு சிவ் 3 கற்றுக்கொடுத்தவர். முழுப் பரீட்சை லீவு, மேலே தகரக் கூரை, ஃபேனை முழுசாக வைத்தால் வோல்டேஜ் குறைந்து மானிட்டர் துடிக்கும், அதனால் ஃபேன் கிடையாது. பெரிய மேப் போட்டால் கம்ப்யூட்டர் தன் டர்னை முடிப்பதற்குள் நாங்கள் கீழே போய் மோர் குடித்துவிட்டு வரலாம். இந்தியாவை எடுப்போம், காந்திதான் தலைவர். நகரம் கட்டக் கட்ட அதுவாகப் பெயர் வரும். டெல்லி, பம்பாய், அடுத்து மெட்ராஸ். மெட்ராஸ் என்று திரையில் வந்ததும் இரண்டு பேரும் கத்துவோம், கீழேயிருந்து அத்தை திட்டுவாள். ஒரே ஒரு ஊர்ப் பெயருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஒரு நாள் இதுல சோழன் வருவான் பாரு" என்று சொன்னதே அத்தான்தான். எனக்குச் சோழனைப் பிடிக்காது என்று மீம் போடுகிறவனுக்கு இது தெரியாது. ஹாஹா போட்ட அத்தானுக்குத் தெரியும்.

காலையில் போன் செய்தேன். "சும்மா தமாசுடா, இதுக்குப் போய் கோச்சுக்கிட்டு" என்றார். கேமை வாங்கினீர்களா அத்தான் என்று கேட்டேன். "நூறு டாலரா? ஆஃபர்ல வரட்டும், பாக்கலாம்" என்றார். நூறு டாலர் கொடுத்து வாங்கியவனுக்கு விமர்சனம் செய்ய உரிமை இல்லை, ஆஃபருக்குக் காத்திருப்பவருக்குச் சிரிக்க உரிமை இருக்கிறது. இருக்கட்டும்.

அத்தான், இதைப் படிப்பீர்கள், முழுசாகப் படிக்காவிட்டாலும் உங்கள் பெயர் வரும் இடத்தை யாராவது காட்டுவார்கள். சிவ் 7 வாங்கித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆடலாம், பிராங்க்ளினை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹாஹாவை மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள்.