ஆலன் வாட்ஸை முழுசாகக் கேளுங்கள்

ஒரு நிமிட வீடியோ. கடல் அலை, மெல்லிய பியானோ, அதன்மேல் ஓர் ஆங்கிலேயரின் கணீர்க் குரல். வாழ்க்கை ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் பயணம் இல்லை, அது பாட்டு மாதிரி, முடிவை எட்டுவதற்காக யாரும் பாடுவதில்லை என்று அந்தக் குரல் சொல்லும். உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். அது ஆலன் வாட்ஸ், ஆசியத் தத்துவங்களை மேற்கத்தியர்களுக்குப் புரியும்படி பேசியவர். அப்பா மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில், இரவெல்லாம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டது இந்தக் குரலைத்தான். அதனால் அவரை இப்படித் துண்டு துண்டாக நறுக்கிப் போடும்போது மனசு கேட்கவில்லை.

1915-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். அம்மா, சீனாவுக்குப் போன மிஷனரிகளின் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை. வீட்டில் இருந்த சீன, ஜப்பானியக் கலைப் பொருட்களைப் பார்த்து வளர்ந்த பையன், பதினாறு வயதிலேயே லண்டனில் இருந்த ஒரு பௌத்த சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டான். தியானத்தை மையமாகக் கொண்ட ஜென் பௌத்தத்தை மேற்குலகுக்கு எடுத்துச்சொன்ன ஜப்பானிய அறிஞர் டி.டி. சுசூகியை 1936-ல் சந்தித்தார். அதே வருடம் ஜென் பற்றி வாட்ஸ் எழுதிய புத்தகம் வந்தது. வயது 21, கல்லூரிப் பட்டம் கிடையாது.

அப்புறம் நடந்ததைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1938-ல் அமெரிக்கா போனவர், அங்கே எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவத் திருச்சபையில் பாதிரியார் ஆனார். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தார். 1950-ல் பாதிரியார் அங்கியைக் கழற்றினார், முதல் திருமணமும் முறிந்தது. எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். தேவாலயத்தில் நின்று பிரசங்கம் செய்தவருக்கு, எந்தச் சொல்லைக் கேட்டால் மேற்கத்திய மனம் சட்டென்று மூடிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தது. பாவம், தண்டனை, மேலே உட்கார்ந்து கண்காணிக்கும் கடவுள் என்று பயந்து வளர்ந்தவர்களிடம், நீ இந்த உலகத்துக்கு வெளியிலிருந்து வரவில்லை, மரத்தில் காய் காய்ப்பதுபோல இதிலிருந்தே வந்தாய் என்றார். வேதாந்தத்தையும் சீனத் தாவோ தத்துவத்தையும் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை, அவர்களுடைய காயம் எதுவென்று பார்த்துப் பேசினார்.

சான்பிரான்சிஸ்கோ போய் ஆசியத் தத்துவம் கற்பித்தார். 1953-லிருந்து பெர்க்லியின் கேபிஎஃப்ஏ வானொலியில் பேசினார். 1957-ல் வந்த 'தி வே ஆஃப் ஜென்' என்ற புத்தகம் அவரை ஊரறிய வைத்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மூன்று திருமணங்கள், ஏழு பிள்ளைகள், கடைசி வருடங்களில் கடுமையான குடி. 1973-ல், 58 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன்னை குரு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, தத்துவத்தை வைத்து மகிழ்விப்பவன் என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் இருந்தவர்கள் பட்ட கஷ்டத்துக்கு அது பதில் ஆகாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. வருடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பழகும் ஜாஜென் தியானத்துக்கு அவர் பெரிய இடம் தரவில்லை. அதற்காக அன்றே ஜென் பயிற்சியாளர்கள் அவரைக் கண்டித்தார்கள், எனக்கும் அந்தக் கண்டிப்பு நியாயமாகவே படுகிறது. கேட்டவுடன் மனசு லேசாவது வேறு, மாறுவது வேறு. அப்பா போன பிறகு அந்த லேசு எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆனாலும் அந்த இரவுகளில் வேறு யாரும் என்னோடு இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஒரு நிமிட வீடியோக்கள் அவருடைய பலவீனத்தையே எடுத்துப் பெரிதாக்குகின்றன. உழைப்பு இல்லாத நிம்மதியை மட்டும் வைத்துக்கொண்டு, வாதத்தை வெட்டிவிடுகிறார்கள். அவர் பேச்சு மெல்லச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து, அதன் அடிப்படையையே பிறகு உருவும். அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். பியானோ வேண்டாம்.

மகன் மார்க் பாதுகாத்து வைத்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. இன்று ராத்திரி முழுசாக ஒன்றைக் கேளுங்கள். நடுவில் மனுஷர் வாய்விட்டுச் சிரிப்பார், அதையெல்லாம் வீடியோக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.