ஏற்காட்டுக்குப் போகச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். வராதவர்களுக்கும் காணொளி வந்து சேர்ந்திருக்கும். ஆகவே மேடையில் இருந்தவர் யார், என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பதற்குள் நான் போகவில்லை. 78 வயதான என் அம்மா எழுந்து நின்று, சேலம் ஐந்து ரோட்டில் சாலையைக் கடப்பதற்கு ஒரு வழி செய்து தரும்படி கேட்டார். "ஊருன்னா வளரத்தான் செய்யும் பாட்டிம்மா, அமைதி வேணும்னா ஏற்காட்டுக்குப் போயிடுங்க" என்று மேடையிலிருந்து பதில் வந்தது, அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த குரல்களும் இருந்தன.

என் அம்மா அமைதி கேட்கவில்லை. சாலையைக் கடக்க வழி கேட்டார்.

அதற்குள் என்னை வளர்ச்சிக்கு எதிரி என்று சிலர் முடிவு கட்டிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2001 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் 8.29 லட்சம் ஆகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் கூடிய இத்தனை பேருக்கும் வண்டி வேண்டும், வண்டிக்குச் சாலை வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. 2020இல் ஐந்து ரோட்டின் ஈரடுக்கு மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. குரங்குச்சாவடியில் ஏறி அண்ணா பூங்கா அருகே இறங்கும்போது எனக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தின் கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். பச்சை விளக்கு எரிகிற நேரத்தில் 78 வயதுக் கால்கள் பாதி தூரம்தான் போகும். மீதி தூரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு, வருகிறவர்களின் கருணையை நம்பித்தான் நடக்க வேண்டும். இதைச் சொல்வது எப்படி வளர்ச்சிக்கு எதிரான பேச்சாகும் என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

நான் அம்மாப்பேட்டையில் நெசவாளர் வீட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே கஞ்சி போட்ட பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீவிவிடுவார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். பால்காரர் சுற்றிக்கொண்டு வருவார். யாரும் யாரையும் வேறு ஊருக்குப் போகச் சொன்னதில்லை. நெய்த வேட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா திருமணிமுத்தாற்றைக் கடந்து, கோட்டை மாரியம்மன் கோயில் வழியாகச் செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தே போவார். சில நாட்களில் நானும் கூடப் போவேன். ஊர் எவ்வளவு பெரியது என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தவை என் கால்கள்தான்.

உடனே "பழம்பெருமை" என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் சிறுமியாக இருந்தபோதே அந்த ஆறு நாறத்தான் செய்தது. பாலம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓடுவேன். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பாவின் முழங்கால்கள் கடைசிவரை நேராகவே இல்லை. அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று நினைக்க எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? நடக்க இடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

நடைபாதை இருந்தது, அதைக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒருவர் பதில் சொல்கிறார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அங்கே கூடை வைத்துப் பூ விற்கும் பெண்தான், வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து, அம்மாவைக் கைபிடித்துச் சாலையின் மறுபக்கம் கொண்டுவிடுகிறார். அதே நடைபாதையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும் கார்களின் உரிமையாளர்கள் யாரும் இதுவரை கைகொடுத்ததாக எனக்கு நினைவில்லை. யாரை அகற்ற வேண்டும் என்ற பட்டியலில் முதலில் யார் பெயர் வரும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொருவர், அழகாபுரத்தில் நீங்கள் வீடு கட்டியிருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டிருக்கிறார். சோளக்காடாக இருந்தது. அந்தக் காட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நான் விசாரித்ததில்லை. கேள்வி சுட்டது என்பதை மறைக்கவில்லை. ஆனால் சோளக்காட்டில் வீடு கட்டியவளின் தாய் சாலையைக் கடக்கக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லையே? "கார் வாங்கித் தர வேண்டியதுதானே" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் கிடையாது.

இத்தனைக்கும் அம்மா வீட்டில் முடங்கிக் கிடந்தவர் அல்ல. ஒவ்வோர் ஆடியிலும் கோட்டை மாரியம்மனுக்கு நடந்தே போய் வருவது அவருடைய வழக்கம். அழகாபுரத்துக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. சென்ற ஆடியில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். போய்விட்டு வந்து, "ஆத்தாகிட்ட நடந்து வர முடியலைன்னு சொல்லிட்டேன்" என்றார். இந்த ஆடியில் அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாசற்படியிலும் உட்காருவதில்லை. கேட்டால் வெயில் என்கிறார். மாலை ஆறு மணிக்கு என்ன வெயில்?

அந்தக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனவள் நான். பயப்படாமல் கேளுங்கள் அம்மா, நம் ஊர்தானே என்று சொல்லி எழுப்பி நிறுத்தியவளும் நான்தான். நான்கு நாட்களாக எனக்குத் தூக்கம் வராததற்கு மேடையில் இருந்தவர் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் இது.

ஏற்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறை நாட்களில் அந்த இருபது கொண்டையூசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதை, அங்கே போகச் சொன்னவர் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. இருந்தாலும் அவர் சொல்லைத் தட்ட வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுப் பேருந்தில் அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமானால் புதிய பேருந்து நிலையத்துக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அங்கே நடந்து போவதற்கும் முதலில் ஐந்து ரோட்டைக் கடக்க வேண்டும், ஐயா.