சைக்கிள் ரேஸ் பாக்கிறதுக்குப் பேரு திமிரு இல்ல

டிவியில டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பாக்கிறதக் கிண்டல் பண்ணி ஊர் வாட்ஸ்அப் குரூப்புல ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மீம் ஓடினது இங்க இருக்கற பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காக அந்த மீம இங்க திரும்பப் போட்டு இன்னும் நாலு பேரச் சிரிக்க வைக்கிற உத்தேசம் இல்ல. அதுல இருந்த வரி மட்டும் சொல்றேன்: "காலையில பால்காரர் சைக்கிள்ல போவாரு, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து பாரு, கேபிள் காசாவது மிச்சமாகும்." நல்ல ஜோக்தான். அதுக்குக் கீழ சிரிப்புப் பொம்மை போட்டவங்கள்ல, பெரியவங்கன்னு மதிச்சு வெச்சிருந்த ரெண்டு பேர் இருந்தாங்க. அதுவும் பரவால்ல. அதுக்கப்புறம் ஒருத்தர், "இங்கிலீஷ் சேனல் பாத்தாத்தான் கௌரவம்னு நெனப்பு" அப்படின்னு எழுதினாரு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒருத்தரோட ரசனை பக்கத்து வீட்டோட ஒத்துப்போகலன்னா அதுக்குப் பேரு கௌரவம் இல்ல, சீன் இல்ல, திமிரும் இல்ல. அவருக்கு அது பிடிச்சிருக்கு, உங்களுக்குப் பிடிக்கல. அவ்வளவுதான் சமாச்சாரம்.

டூர் டி பிரான்ஸ்ங்கற இந்த சைக்கிள் ரேஸ் வருஷத்துக்கு ஒரு தடவ, பெரும்பாலும் ஜூலையில, மூணு வாரம் நடக்கும். நாளுக்கு ஒண்ணா 21 கட்டம், நடுவுல ரெண்டு நாள் ஓய்வு. எல்லாக் கட்டத்துக்கும் ஆன நேரத்தக் கூட்டிப் பாத்து, யாருக்குக் கம்மியோ அவனுக்குத்தான் மொத்தப் பட்டம். கோடையில பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி. அங்க சாயங்காலம் அஞ்சரைக்கு முடிவுக் கோட்டத் தொட்டா இங்க ராத்திரி ஒம்போது. அதாவது ரேஸ் சூடு பிடிக்கிற நேரமும், நம்ம வீட்டுக் கூடத்துல சீரியல் சூடு பிடிக்கிற நேரமும் ஒண்ணு. வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. மூணு வாரம் போக மிச்சம் 49 வாரமும் ரிமோட் யார் கையில இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல.

"அஞ்சு மணி நேரம் சைக்கிள் ஓட்றதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" கேள்வி நியாயமானது. கேட்டுட்டு பதிலுக்கு நிக்காமப் போறதுதான் நியாயம் இல்ல. நிக்கிறவங்களுக்குச் சொல்றேன்.

அஞ்சு மணி நேரமும் யாரும் பாக்க வேண்டாம். கடைசி 40 கிலோமீட்டர் போதும். திரையில ரெண்டு எண் இருக்கும்: இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி, முன்னாடி தப்பிச்சுப் போன நாலஞ்சு பேருக்கும் பின்னாடி வர்ற பெருங்கூட்டத்துக்கும் எத்தனை நிமிஷ இடைவெளி. பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு உண்டு. ராபர் ஷபாத்னு ஒரு பிரெஞ்சு வர்ணனையாளர் பேர்ல சொல்லுவாங்க. 40 கிலோமீட்டர் பாக்கி இருந்து இடைவெளி மூணு நிமிஷம்னா முன்னாடி போறவங்க சிக்கிடுவாங்க. 15 பாக்கி, இடைவெளி ரெண்டரைன்னா தப்பிச்சாங்க. இந்தக் கணக்கு பொய்க்கிற நாள்தான் சுவாரஸ்யமே. கடைசியில ஒரு சின்ன ஏத்தம், குறுகின ஊர்த்தெரு, மழை, இல்லன்னா துரத்த வேண்டிய அணிகளுக்குள்ள "நீ இழு, நீ இழு"ன்னு தகராறு. ஏதாவது ஒண்ணு வந்தா கணக்கு கவுந்துடும்.

சரி, கூட்டம் ஏன் முன்னாடியே போய்ப் பிடிக்கல? சீக்கிரம் பிடிச்சா வேற அஞ்சு பேர் கெளம்புவாங்க, மறுபடி முதல்லேருந்து துரத்தணும். அதனால விட்டுப் பிடிக்கிறது. கயித்த விட்டு விட்டு, கடைசிப் பத்துக் கிலோமீட்டர்ல சுருட்டறது. இந்தப் பொறுமைய பாக்கிறதுதான் ருசி. இதுல எங்க வருது கௌரவம்?

ஒரு அணிக்கு எட்டுப் பேர். ஜெயிக்கப் போறது அதுல ஒருத்தன். மிச்ச ஏழு பேர் அவனுக்குக் காத்த மறைக்கணும், தண்ணி கொண்டாந்து குடுக்கணும், அவன் வண்டி பஞ்சரானா தன் சக்கரத்தக் கழட்டிக் குடுக்கணும். தண்ணி கொண்டார்றது சும்மா இல்ல. அணிக் காரு பின்னாடி வரும். கூட்டத்துலேருந்து பின்னாடி எறங்கிப் போயி, சட்டைக்குள்ள முதுகுப் பக்கம் எட்டு பாட்டில் சொருகிக்கிட்டு, திரும்ப நூத்திச் சொச்சம் பேரத் தாண்டி முன்னாடி வரணும். ஒரு பாட்டில் அரை லிட்டர்னா எட்டுக்கு நாலு கிலோ. விதிப்படி வண்டியோட குறைஞ்சபட்ச எடையே 6.8 கிலோதான். நாள் பூரா இந்த வேலைய செஞ்சிட்டு, கோட்டத் தாண்டும்போது நூத்து நாப்பதாவதா வருவான். அவன் பேரு மறுநாள் எந்தப் பேப்பர்லயும் வராது. உழைப்புன்னா என்னான்னு தெரிஞ்ச ஜனம்தானே நாமளும், அவனப் பாத்து என்ன சிரிப்பு?

இப்ப காத்து விஷயம். டெல்டாக்காரங்களுக்குப் புரியலன்னா வேற யாருக்கும் புரியாத விஷயம் இது.

வேகமாப் போறப்ப சைக்கிள்காரனுக்கு முக்கிய எதிரி காத்துதான். ஒருத்தன் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா உழைப்புல சுமாரா மூணுல ஒரு பங்கு மிச்சம். இது எதிர்காத்துக்கு. பக்கவாட்டுக் காத்துன்னா கதையே வேற. திருவாரூர்லேருந்து மயிலாடுதுறை போற ரோட்ட நெனச்சுக்குங்க. ஏறக்குறைய நேர் வடக்கு. ஆடிக்காத்து மேற்கேருந்து வரும். பூந்தோட்டம், பேரளம் பக்கமெல்லாம் வயல்வெளி, மறைப்பே கெடையாது. அங்க பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள மிதிச்சுட்டு ஸ்கூலுக்குப் போன எல்லாருக்கும் இது கால்ல தெரியும்: காத்து இடது பக்கத்துலேருந்து தள்ளுது, முன்னாடி போற சிநேகிதனுக்கு நேர் பின்னாடி போனா ஒரு பிரயோஜனமும் இல்ல, அவனோட வலது பின்பக்கமாப் போனாத்தான் மறைப்பு கெடைக்கும். அதேதான் அங்கயும். முதல் ஆள் ரோட்டோட இடது ஓரம், அடுத்தவன் கொஞ்சம் வலப்பக்கம் பின்னாடி, அடுத்தவன் இன்னும் கொஞ்சம் தள்ளி. ரோட்டுக்குக் குறுக்கச் சாய்வா ஒரு வரிசை. எஷலான்னு சொல்லுவாங்க.

ஆனா ரோடு அகலம் அவ்வளவுதான். பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல அந்தச் சாய்வுக்குள்ள எடம் இல்ல. பதிமூணாவது ஆளுக்கு வலது ஓரத்துல மறைப்பு மிச்சம் இருக்காது, ஒத்தையா காத்த வாங்குவான். ஒரு நிமிஷம் தாங்குவான், அப்புறம் முன்னாடி போறவனோட சக்கரத்துக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு மீட்டர் விழும். ஒரு மீட்டர் பத்து மீட்டராகும். அவன் பின்னாடி இருக்கற அத்தனை பேரும் போச்சு. புத்திசாலி என்ன செய்வான்? அந்த வரிசையில தொங்கறத விட்டுட்டு, பின்னாடி ரெண்டாவது சாய்வு ஒண்ண ஆரம்பிப்பான்.

2013-ல பதிமூணாவது கட்டம், தூர்ங்கற ஊர்லேருந்து சாந்தமான் மோன்ரோன் வரைக்கும். மலையே இல்லாத நாள். எல்லாரும் சாதாரண நாள்னு நெனச்சாங்க. காத்து அடிச்சுது, கூட்டம் துண்டு துண்டா ஒடைஞ்சுது. மொத்த நேரக் கணக்குல ரெண்டாவது எடத்துல இருந்த ஸ்பெயின்காரன் வால்வெர்தேக்குச் சரியா அந்த நேரம் சக்கரம் பழுதாச்சு. மாத்திட்டு ஏறினவன் கூட்டத்தத் திரும்பப் பிடிக்கவே முடியல, பத்து நிமிஷத்துக்குக் கிட்ட போச்சு. கடைசி 30 கிலோமீட்டர் சுமாருக்குக் பட்டத்துக்குப் போட்டியில இருந்த கொன்தாதோரோட அணி திடீர்னு வேகம் எடுத்து கூட்டத்த இன்னொரு வெட்டு வெட்டினாங்க. மொத்தத்துல முதல்ல இருக்கறவன் போடற மஞ்சச் சட்டையில இருந்த ஃப்ரூம் வெட்டுக்குத் தப்பான பக்கத்துல மாட்டினாரு. ஒரு நிமிஷம் ஒம்போது செகண்டு நஷ்டம். சமதளத்துல! இத பாக்கிறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? சத்தத்த அணைச்சுட்டுப் பாத்தாலே புரியும். ஹெலிகாப்டர் காட்சியில மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, ரோடு எங்க திரும்பப் போவுதுன்னு பாருங்க, திருப்பத்துக்கு அஞ்சாறு கிலோமீட்டர் முன்னாடியே பெரிய அணிகள் முன்னாடி வர முண்டியடிக்கும். அவ்வளவுதான் இலக்கணம்.

எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன் ஒரு தடவ பஞ்சர் ஒட்டிக்கிட்டே போன்ல இத பத்து நிமிஷம் பாத்தாரு. அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் கடைசிப் பய ஏன் தொங்கிக்கிட்டுக் கெடக்கான், பின்னாடி வர்றவனோட சேந்துக்க வேண்டியதுதானே?" ஏழாவது வரைக்கும் படிச்சவரு. கௌரவத்துக்குப் பாத்தாரா அவரும்?

மலை நாளப் பத்தி அதிகம் சொல்லல. நமக்கு மலை கெடையாது, மேம்பாலம்தான் இருக்கு. ஆல்ப்ஸ் மலையில இருக்கற ஆல்ப் துவேஸ் ஏத்தம் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு, அடியிலேருந்து உச்சிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல. பெரிய கோயில் விமானத்த ஒண்ணு மேல ஒண்ணா பதினாறு அடுக்கினா சுமாரா வரும். அதுக்கு மேல நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

அடுத்தது, "வெள்ளக்காரன் வெளையாட்டு". இத ரொம்பப் பேர் சொல்றாங்க. சொல்றவங்க வீட்டுப் பையன் அர்ஜென்டினா சட்டை போட்டுக்கிட்டுத் திரியறான், உலகக் கோப்பைக்குத் தெருமுனையில பேனர் கட்டறான், அது அன்பு. கிரிக்கெட் என்ன கொள்ளிடக் கரையில பொறந்ததா? 2024-ல, அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் குடுக்கற பச்சைச் சட்டைய ஜெயிச்சது எரித்திரியாக்காரன் பினியம் கிர்மாய். மூணு கட்டம் ஜெயிச்சான். 2019-ல மொத்தப் பட்டமும் கொலம்பியாவோட எகன் பெர்னால். 2025 வரைக்கும் நாலு தடவ மொத்தப் பட்டம் ஜெயிச்ச போகாச்சரோட நாடு ஸ்லோவேனியா, ஜனத்தொகை நம்ம தஞ்சாவூர் மாவட்டத்த விடக் கம்மி. இதெல்லாம் சொன்னா, "பாருடா, புள்ளிவிவரம் வேற"ம்பீங்க. சொல்லலன்னா, "ஒண்ணும் தெரியாம பீத்திக்கிறான்"ம்பீங்க.

"எல்லாம் ஊசி போட்டுக்கிட்டு ஓட்றவனுங்க." ஆமா, அமெரிக்காக்காரன் ஆர்ம்ஸ்ட்ராங்கோட ஏழு டூர் பட்டமும் ஊக்கமருந்து விவகாரத்துல 2012-ல பறிபோச்சு. தெரியும். 2000-ல தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டனே சூதாட்டக்காரங்ககிட்ட காசு வாங்கினேன்னு ஒத்துக்கிட்டாரு. மறுநாளே நீங்க கிரிக்கெட்ட நிறுத்திட்டீங்களாக்கும். அடுத்த கேள்வி.

"போன்ல பாத்துக்க வேண்டியதுதானே, ஏன் டிவிக்கு அடம்?" இது கொஞ்சம் நியாயம். ஆனா மேல சொன்ன அந்தச் சாய்வு வரிசைய ஆறு அங்குலத் திரையில பாருங்க, எறும்பு வரிசை கூடத் தெரியாது. சட்டை நிறம் தெரியலன்னா எந்த அணி இழுக்குதுன்னு தெரியாது, அது தெரியலன்னா ஒண்ணுமே தெரியாது. ஆடிக்காத்துல தென்ன மட்டை விழுந்து கரண்டு போனா டவரும் கொஞ்ச நேரத்துல படுத்துடும். அதோட, இன்னொண்ணு கேக்கறேன்: சீரியலும் போன்ல வருதே? அது ஏன் கூடத்து டிவியிலதான் ஓடணும்? அந்த சீரியல்ல ஒரு சங்கிலிய யாரு எடுத்தான்னு நாலு மாசமா தேடறாங்க. எடுத்தவ யாருன்னு பாக்கிற எல்லாருக்கும் தெரியும். அத ஒரு வார்த்த கிண்டல் பண்ணினது உண்டா? இல்ல. ஏன்னா அத நாப்பது பேர் சேந்து பாக்கறாங்க. நாப்பது பேர் பாத்தா பொழுதுபோக்கு, ஒருத்தர் பாத்தா கோளாறு. இதுதானே நம்ம சட்டம்?

உண்மையில கஷ்டம் ரிமோட் கூட இல்ல. 2020-ல இருபதாவது கட்டம், தனித்தனியா நேரம் பாத்து ஓட்ற நாள். மொத்தத்துல 57 செகண்டு முன்னாடி இருந்த, அவன் நாட்டுக்காரனேயான ரோக்லிச்ச, 22 வயசு கூட முடியாத போகாச்சர் தோக்கடிச்சு, மொத்தத்துல 59 செகண்டு முன்னாடி போயிட்டான். மூணு வாரம் கட்டிக் காத்தது ஒரு மணி நேரத்துக்குள்ள போச்சு. தோத்தவன் தலைக்கவசம் கோணிக்கிட்டு வந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. அந்த ராத்திரி அத யார்கிட்ட சொல்றது? கிரிக்கெட்ல கடைசி ஓவர்ல ஜெயிச்சா தெருவே கத்தும், நாலு வீடு தள்ளி வெடி போடுவான். இதுக்கு ஒரு ஆள் கெடையாது. யார்கிட்டயாவது சொன்னா, "யாரு? சைக்கிளா?" சொல்ல வந்தது தொண்டையிலயே நிக்கும். கூடப் பேச ஆள் இல்லாத ரசனைய வெச்சுக்கிட்டு யாராவது கௌரவம் தேடுவாங்களா? கௌரவம் வேணும்னா உங்களோட உக்காந்து உங்க சேனலப் பாத்துட்டுப் போறது எவ்வளவு சுலபம்!

யாரையும் பாக்கச் சொல்லல. புடிக்கணும்னும் சொல்லல. மூணு கிலோமீட்டர் பாக்கி இருக்கறப்ப சேனல மாத்திட்டு, மாத்தினத வீடியோ எடுத்துக் குரூப்புல போடாதீங்க. அத மட்டும்தான் சொல்றேன். சமதளத்துல அந்த மூணு கிலோமீட்டருக்கு நாலே நிமிஷம்தான் ஆகும், ஒரு விளம்பர இடைவேளைக்குள்ள முடிஞ்சுடும்.

இந்த வாரம் முழுக்க மலைதான், ஒம்போது மணி வரைக்கும் போகும். குரூப்ப மியூட்ல போட்டாச்சு. தண்ணி மொறை விஷயமா யாராவது பேசணும்னா நேரா போன் பண்ணுங்க, ஒம்போதேகாலுக்கு மேல.