துரு தடுக்கக் காசு, துரு பிடிக்க வசதி

புதுக் கார் டெலிவரின்னா மாலை, கேக், ஆளுயர அட்டைச் சாவியோட ஒரு போட்டோ. எல்லாம் நடக்குது. கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்கு, அடைக்காம பாத்துக்கோங்கன்னு சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. எப்படி வரும்? அடைக்கிறதே அவங்கதானே! ஆன்டி-ரஸ்ட் கோட்டிங்னு சில ஆயிரத்தைப் பில்லுல ஏத்திட்டு, ஓட்டை மேல ஒரு துண்டு டேப்கூட ஒட்டாம கறுப்பா அடிச்சு விட்டுடுறாங்க.

கதவுக்குள்ள தண்ணி எப்படிப் போகும்னு கேக்குறவங்களுக்கு: ஒவ்வொரு மழைக்கும் போகும். கண்ணாடியோரத்து ரப்பர் பட்டை முழுசாத் தடுக்காது. உள்ளே வழியுற தண்ணி அடி ஓட்டை வழியா வெளியேறணும், அப்படித்தான் கதவையே செஞ்சிருக்கான். அடைஞ்சா அடி மடிப்புல தேங்கும், கதவை ஆட்டினா களக் களக்னு கேக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு அரிச்சு முடிஞ்சிருக்கும்.

சோதிக்க ரெண்டு நிமிஷம் போதும். கண்ணாடியை ஏத்திட்டு வெளிப்பக்கம் ஒரு மக் தண்ணியை மெதுவா ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல கதவடியில சொட்டணும். சொட்டலைன்னா பிளாஸ்டிக் கேபிள் டை நுனியை விட்டுச் சுரண்டுங்க. தயவுசெஞ்சு ஸ்க்ரூடிரைவர் வேணாம். பெயின்ட் உரிஞ்ச இடத்துலதான் துரு ஆரம்பிக்கும். அதுக்காக ஆர்வக்கோளாறுல வண்டித் தரைக்கு அடியில இருக்குற ரப்பர் மூடியைப் பிடுங்கிடாதீங்க. அது ஃபேக்டரியில பாடியை பெயின்ட் தொட்டியில முக்கி எடுத்தப்போ வடிய விட்ட ஓட்டை. அதைத் திறந்தா ரோட்டுத் தண்ணி உள்ளே வரும்.

அடுத்த கூத்து வைப்பருக்கு அடியில இருக்குற பள்ளம். வேப்ப மரம், புங்க மரத்து நிழல்ல வண்டி நிக்கும். பூவும் சருகும் அங்கே மக்கி, வடிகாலை அடைச்சுக்கும். ஏசிக்கு வெளிக்காத்து போற வழியும் அங்கேதான் இருக்கு. தண்ணி ஏறினா ப்ளோயர் மோட்டார், கார்பெட் எல்லாம் நாஸ்தி. பானெட்டைத் திறந்து சருகைக் கையாலயே அள்ளுங்க. வாட்டர் வாஷ்ல பைப்பை வச்சு அடிச்சா குப்பை இன்னும் ஆழமாப் போய்ச் சொருகிக்கும்.

சன்ரூஃப் இருந்தா அதோட மூலையில தண்ணி வடியுற குழாய்களையும் பாக்கணும். புல் வெட்டுற மெஷின்ல வர்ற 2 மி.மீ. நைலான் நரம்பு போதும், நுனியை உருக்கி மழுக்கிட்டு விடுங்க. கம்ப்ரஸர் காத்தை அடிச்சா குழாய் உள்ளேயே கழண்டுக்கலாம், அப்புறம் மழை நேரா கூரைத் துணியிலதான் இறங்கும்.

கார்பெட் நனைஞ்சுதுன்னு சர்வீஸுக்குப் போனா பதில் ரெடியா இருக்கும்: "ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க சார்." மேல வாசனை ஸ்ப்ரே அடிச்சு அனுப்புவாங்க, கார்பெட்டைத் தூக்கி அடியில இருக்குற ஃபோமைப் பிழிய மாட்டாங்க.

கோட்டிங் அடிச்சே ஆகணும்னா பக்கத்துல நில்லுங்க. ஓட்டை ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டுறாங்களா, முடிஞ்சதும் உரிக்கிறாங்களான்னு பாருங்க. கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒரு மக் தண்ணியை அவங்க கண்ணு முன்னாடியே ஊத்துங்க.